மூக்கில் தொடங்காதீர்கள்: சிற்பம் பழக வருபவருக்கு முதல் பாடங்கள்

சிற்ப வகுப்பில் முதல்முறையாக மண் கைக்கு வந்ததும் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். ஓர் உருண்டை பிடித்து, இரண்டு கண்ணைக் குழித்து, நடுவில் மூக்கை ஒட்டி, கீழே உதட்டைக் கீறிவிடுவது. நானும் அதைத்தான் செய்தேன். முன்னால் நின்று பார்த்தால் முகம். பக்கவாட்டில் திருப்பினால் தோசைக்கல். பின்னந்தலை என்ற ஒன்றே இல்லை. காது கன்னத்தில் முளைத்திருந்தது. வரைந்து பழகிய கை அப்படித்தான் போகும். தாளுக்கு ஒரு பக்கம்தான். அந்தப் பழக்கத்தோடு தொட்டால் மண்ணிலும் ஒரு தாளைத்தான் செய்துவைப்போம்.

அதனால் உளி வாங்குவதற்கும் மண் பிசைவதற்கும் முன்னால் ஒரு பயிற்சி: ஒரு சிலையைச் சுற்றி வாருங்கள். சென்னைக்காரர்களுக்கு மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவராக 1929-இல் வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவப்பட்டது. பேருந்து ஜன்னல் வழியாக ஆயிரம் முறை பார்த்திருப்போம், இறங்கிச் சுற்றியிருக்க மாட்டோம். பாறையை நெம்பும் நான்கு பேரும் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் தனித்தனியாக விரிந்து தெரிவார்கள். கொஞ்சம் நகர்ந்தால் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு ஒரே திரளாகிவிடுவார்கள். எட்டு இடங்களில் நின்று எட்டுக் கோட்டுருவம் வரையுங்கள். வெளிவிளிம்பு மட்டும் போதும்; தசை, முகம், துணி மடிப்பு எதுவும் வேண்டாம். எட்டும் எட்டு வேறு படங்களாக இருக்கும். சிற்பம் என்பது அந்த எட்டுக்கும் நடுவில் இருக்கிற பொருள்.

பிரெஞ்சுச் சிற்பி அகஸ்ட் ரோடின் வேலை செய்த முறையும் இதுதான். மாடலைக் கொஞ்சம் திருப்புவார், மண்ணையும் அதே அளவு திருப்புவார், அந்தக் கோணத்தின் விளிம்பைச் சரிசெய்வார், மறுபடி திருப்புவார். இப்படிச் செய்த ‘வெண்கல யுகம்’ சிலையை 1877-இல் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள ஆளின் மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். வேறு யாருக்காவது அது பாராட்டாக இருந்திருக்கும். அவர் மறுப்பதற்கு ரொம்பவும் அலைய வேண்டியிருந்தது.

சேர்ப்பது, குறைப்பது

வழிமுறைகள் என்று பார்த்தால் அடிப்படையில் இரண்டுதான். மண், மெழுகு, சுதை இவற்றில் சேர்த்துக்கொண்டே போகலாம், தப்பானால் பிய்த்துவிடலாம். கல்லிலும் மரத்திலும் குறைத்துக்கொண்டேதான் போக முடியும்; எடுத்தது எடுத்ததுதான். இவை போக, கிடைத்த பொருட்களைப் பொருத்திச் செய்வதும் உண்டு. பிக்காசோ 1942-இல் ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து மாட்டுத்தலை ஆக்கினாரே, அது. வார்ப்பு என்பது இவற்றோடு சேராது. அது உருவம் படைக்கும் வழியல்ல, செய்த உருவத்தை வேறு பொருளுக்கு மாற்றும் வழி.

தொடங்க மண்ணே நல்லது. மலிவு என்பதற்காக மட்டும் இல்லை, மன்னிக்கும் என்பதற்காக.

மண்ணும் அதன் பதமும்

கலைப்பொருள் கடையில் பொட்டலமாக விற்கும் எண்ணெய்க் களிமண் காயாது, சுடவும் முடியாது. சின்ன மாதிரிகளுக்குச் சரி. மற்றபடி, பக்கத்தில் பானை செய்கிறவர்கள் இருந்தால் அவர்களிடமே ஒரு மூட்டை கேளுங்கள். குளத்து மண்ணை நீங்களே எடுத்தால், தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடிகட்டி, ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டிவிட்டு, துணியில் பரப்பிப் பதமாகும்வரை விட வேண்டும்.

பதம் தெரிய ஒரு சோதனை. விரல் பருமனுக்கு ஒரு திரி உருட்டி, அதை உங்கள் விரலைச் சுற்றி வளையுங்கள். வெளிப்புறம் பிளந்தால் ஈரம் போதாது, அல்லது மண்ணில் மணல் அதிகம். கையில் அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம். வெடிக்காமல் வளைந்து, கை சுத்தமாக இருந்தால் அதுதான் பதம். அப்புறம் சப்பாத்தி மாவைப் பிசைகிற மாதிரி உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்திப் பிசைய வேண்டும். ஈரம் எங்கும் ஒரே சீராக வரவும், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறவும்தான் இந்தப் பாடு. பத்து நிமிடம் பிசைந்தால் தோள் வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து பாதியில் விட்ட மண்ணை வெட்டிப் பார்த்தால் கட்டியும் குழம்புமாக இரண்டு நிறத்தில் தெரியும்.

ஈர மண்ணை ஈர மண்ணோடு ஒட்ட அழுத்தினாலே போதும். கொஞ்சம் இறுகிய மண்ணில் கையோ காதோ ஒட்டுவதானால் இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, ஆட்டி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காயும்போது காது தனியாக விழும்.

உள்ளே ஓர் எலும்பு

ஆளுயர அளவில் ஒரு தலை செய்தால் கழுத்தோடு சேர்த்துப் பத்து கிலோவுக்கு மேல் மண் பிடிக்கும். அத்தனை கனத்தை ஈரமான மண் கழுத்து தாங்காது. அதனால் உள்ளே ஒரு சட்டகம் வேண்டும். கல்லூரிகளில் ஆர்மேச்சர் என்பார்கள். ஓரடிச் சதுரப் பலகை, நடுவில் ஆணியடித்து நிறுத்திய கட்டை, கட்டையின் தலையில் ஜிஐ கம்பியில் ஒரு முட்டை வடிவக் கூடு, கூட்டுக்குள் கசக்கிய செய்தித்தாள், அவ்வளவுதான். இதில் விட்டுவிடக் கூடாதது பட்டாம்பூச்சி. இரண்டு சின்னக் குச்சிகளைப் பெருக்கல் குறி மாதிரி கம்பியால் கட்டிக் கூட்டிலிருந்து தொங்கவிடுவது. மண்ணுக்குள் புதைந்து, மண் வழுக்கி இறங்காமல் பிடித்துக்கொள்ளும்.

என் முதல் முழுத்தலைக்கு நான் பட்டாம்பூச்சி கட்டவில்லை. சின்னத் தலைதானே என்று ஓர் அலட்சியம். சாயங்காலம் ஈரத்துணி போர்த்திவிட்டுப் போனேன். காலையில் துணியை எடுத்தால், திண்ணையில் தூங்கி வழியும் தாத்தா மாதிரி தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது தலை. நெற்றிக்கு மேலே கம்பி எட்டிப் பார்த்தது.

உடலின் கனம் எங்கே இறங்குகிறது என்பதும் இந்த எலும்பைப் பற்றிய கேள்விதான். முழு உருவம் செய்யும்போது ஒரு காலில் கனம் ஏறினால் அந்தப் பக்க இடுப்பு உயரும், தோள் எதிர்ப்பக்கம் சாயும். இதை நம் சிற்ப மரபில் பங்கங்கள் என்கிறார்கள்: நேராக நிற்பது சமபங்கம், லேசாக ஒசிவது அபங்கம், மூன்று இடத்தில் வளைவது திரிபங்கம். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் போய்ப் பாருங்கள். 1011-ஆம் ஆண்டுச் சோழர் செப்புச் சிலை. சிவன் சாய்ந்து நிற்கும் காளை அங்கே இல்லை. ஆனால் கால்கள் குறுக்கே போட்டு, உடம்பு ஒசிந்து, ஒரு கை அந்தரத்தில் தளர்வாக ஊன்றியிருப்பதைப் பார்த்தால் காளையின் முதுகு எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே விரலால் காட்டிவிடலாம். கனத்தை அவ்வளவு சரியாகப் போட்டிருக்கிறார்கள். பெரிய கண்காட்சிகளில் கிடைக்காத பாடம் அந்த ஒரு சிலையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு தலையை எப்படிக் கட்டுவது

முதலில் கழுத்து. அது நேராக நிற்கும் தூண் இல்லை, முன்னோக்கிச் சாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பாருங்கள், தெரியும். அதன் மேல் சாய்ந்த முட்டையாகத் தலை. முன்னிருந்து பார்க்கும் அகலத்தைவிடப் பக்கவாட்டில் நீளம் அதிகம். என் தோசைக்கல்லில் காணாமல் போனது இந்த நீளம்தான். மண்ணை நெல்லிக்காய் அளவு எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சேருங்கள். அவ்வப்போது மரச்சட்டத்தால் தட்டிச் சமதளங்களாக்குங்கள்: நெற்றி ஒரு தளம், கன்னத்தின் முன்பக்கம் ஒன்று, பக்கம் ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று. அரைமணிக்கு ஒருமுறை பலகையைத் திருப்புங்கள். இந்தக் கட்டத்தில் கண்ணும் மூக்கும் கிடையாது. ஆனாலும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் இது யார் என்று ஓரளவு தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மூக்கு வைத்தாலும் தெரியாது.

அளவுக்குச் சில கணக்குகள். உச்சிக்கும் தாடைக்கும் நடுவில் கண். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் கண்ணை மேலே ஏற்றி நெற்றியைச் சாப்பிட்டுவிடுவார்கள். இரண்டு கண்ணுக்கும் இடையில் ஒரு கண் அகலம். காது, புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில், தலையின் பக்கவாட்டில் பாதிக்குப் பின்னால். நம் ஸ்தபதிகளின் தாலமானம் முகத்தின் நீளத்தை ஒரு தாலம், அதாவது 12 அங்குலம் என்று வைத்துக்கொண்டு உடலை அளக்கும். முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் கடை ஸ்கேலில் இருப்பதல்ல, சிலையின் அளவுக்கேற்ப மாறும் ஒரு பங்கு. சுவாமிமலையில் தென்னங்கீற்றை மடித்து ஒடியோலை என்று வைத்திருப்பார்கள். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடிப்புகளால் பங்கு பிரித்து அளப்பது. எண்ணே தேவைப்படாத அளவுகோல். மூங்கில் குச்சியில் அடையாளம் கீறி நீங்களும் இப்படி ஒன்று செய்துகொள்ளலாம்.

இனி கண். குழி தோண்டி உள்ளே கோடு போடாதீர்கள். கண்குழியில் ஒரு கோலிக்குண்டு அளவு மண் உருண்டையை வையுங்கள். தட்டையாக உருட்டிய சிறு பட்டையை மேல் இமையாக அதன் மேல் போர்த்துங்கள். பிறகு கீழ் இமை. இமை என்பது ஓர் உருண்டையை மூடும் துணி என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போதும் அது கண்ணாகவே இருக்கும். உதடும் அப்படித்தான்: தட்டையான முகத்தில் ஒட்டிய இரண்டு புழு இல்லை, உள்ளே வளைந்திருக்கும் பல்வரிசையின் மேல் போர்த்திய தோல். கண்ணாடி முன்னால் நின்று வாயோரத்தைத் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு பின்னால் போகிறது என்று.

தண்ணீர் தொட்டு வழவழப்பாகத் தடவும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். தடவினால் எல்லா விளிம்பும் கரைந்து, சோப்பில் செய்த பொம்மை மாதிரி ஆகிவிடும். விரல் தடம் இருந்தால் என்ன, இருக்கட்டும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்க ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மேடு பள்ளம் நிழலில்தான் தெரியும்.

ஈரம் என்கிற எஜமான்

வேலை முடியும்வரை மண் காயக் கூடாது. ஈரத்துணி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. சித்திரை வெயிலில் மூக்கும் காதும்தான் முதலில் காய்ந்து வெடிக்கும், அங்கே துணியை இரண்டாக மடித்துப் போடுங்கள். ரோடினுக்கு எதிர்த்திசையில் சோதனை வந்தது. 1863-64 குளிர்காலத்தில், கணப்பு இல்லாத அவர் பட்டறையில் மண் தலை ஒன்று உறைந்து, பின்னந்தலை உடைந்து விழுந்தது. மிஞ்சிய முகத்தை அப்படியே முகமூடியாக வைத்துக்கொண்டார். ‘மூக்குடைந்த மனிதன்’ என்று இன்று பேசப்படுவது அதுதான்.

சுடுவதானால் சட்டகத்தோடு சுட முடியாது. மண் பாதி இறுகியதும் கம்பியால் மண்டையோட்டை மூடிபோல அறுத்து, உள்ளே கரண்டியால் குடைந்து, கம்பியை எடுத்துவிட்டு, விரல் பருமனுக்குச் சுவரை விட்டு, மூடியைக் குழம்பு தடவி மறுபடி ஒட்ட வேண்டும். அடியில் ஒரு துளை. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். கனமான இடத்தின் நடுவில் காயாமல் நின்ற தண்ணீர் ஆவியாகி, போக வழியில்லாமல் மண்ணைப் பிளக்கும். நிழலில் வாரக்கணக்கில் காயவிடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்து சுட்டு வரும்போது தலை பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கியிருக்கும். அளவு முக்கியமென்றால் அதற்கேற்பப் பெரிதாகத் தொடங்க வேண்டும்.

பிளாஸ்டரில் அச்சு

சூளை இல்லாதவர்களுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரியில் சூடாக்கி, அதிலிருக்கும் நீரில் முக்கால் பங்கை விரட்டிய மாவு இது. தண்ணீர் கிடைத்ததும் இழந்த நீரைப் பிடித்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது, அப்போது சூடாகும். இதனால்தான் பழைய, காற்றுப்பட்ட மூட்டையை வாங்கக் கூடாது. ஈரப்பதத்தை ஏற்கெனவே குடித்துவிட்ட மாவு இறுகாது.

கலக்கும் வரிசை முக்கியம். தண்ணீரில் மாவைத் தூவுங்கள், மாவில் தண்ணீரை ஊற்றாதீர்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ பிடிக்கும். கோலமாவு தூவுவது போல விரலிடுக்கில் உதிர்த்துக்கொண்டே வாருங்கள். முதலில் எல்லாம் மூழ்கும். ஒரு கட்டத்தில் மேலே சின்னச் சின்னத் தீவுகளாக நிற்கும். அங்கே நிறுத்தி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, கையை அடியில் வைத்துக் குமிழி வராமல் கலக்குங்கள். மோர் பதம் தயிர் பதமாகும் இடைவெளிதான் உங்கள் நேரம், சில நிமிடங்கள்.

தலையின் காதுக்குப் பின்னால் தகரத் துண்டுகளை வேலிபோல் குத்தி, முன்பாதி பின்பாதி என்று பிரித்துக்கொண்டு, முதல் பூச்சைத் துணிக்குப் போடும் நீலம் கலந்து மெல்லியதாகத் தெளியுங்கள். அடுத்து வெள்ளையாகக் கனமான பூச்சு. இறுகியதும் இரண்டாகப் பிரித்து, மண்ணைத் தோண்டியெடுத்து, உள்ளே சோப்புக் கரைசல் தடவி, மூடிக் கட்டி, புது பிளாஸ்டரை ஊற்ற வேண்டும். கடைசியில் அச்சை மொட்டை உளியால் தட்டி உடைப்போம். நீலம் தெரிந்ததும் கையை மெதுவாக்கு என்று அர்த்தம். அடுத்த அடியில் மூக்கு போய்விடும். இந்த அச்சில் ஒரே ஒரு பிரதிதான் எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கையை பிளாஸ்டர் வாளிக்குள் விட்டுக் கை அச்சு எடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். இறுகும் சூடு தீக்காயம் உண்டாக்கும், கையை வெளியே எடுக்கவும் முடியாது. இங்கிலாந்தில் 2007-இல் ஒரு பள்ளி மாணவி இப்படி விரல்களையே இழந்தார். மிச்சத்தைக் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள்ளும் ஒரு சிற்பம் தயாராகும்.

குறைக்கும் கலை

கல்லுக்குப் போகும் முன் துணி சோப்புக் கட்டி, பிறகு வீடு கட்டும் எடைகுறைந்த ஏஏசி பிளாக், பிறகு மாக்கல். மாக்கல் கத்திக்கே இசையும். கருங்கல் அப்படியல்ல, அதற்குத் தனி உளி, தனிப் பொறுமை. கட்டியின் நாலு பக்கமும் உருவத்தின் கோட்டை வரைந்து, முதலில் மூலைகளை நீக்குங்கள். மூக்கு நுனி போல் அதிகம் துருத்தும் இடங்களைக் கடைசிவரை தொடாதீர்கள். உளியைச் சாய்த்துப் பிடித்தால் சில்லு பறக்கும். நட்டுக்குத்தாகப் பிடித்து அடித்தால் கல் உள்ளே நசுங்கி, மெருகேற்றிய பிறகும் போகாத வெள்ளைப் புள்ளி விழும். புள்ளி உளியில் பெருவாரியாகக் கழித்து, பல் உளியில் வடிவம் பிடித்து, தட்டை உளியில் தளம் எடுப்பது வரிசை.

பாடப்புத்தகம் வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட வேலைகள் இருக்கின்றன. முடிந்த சிற்பம் செய்முறையை மறைத்துவிடும், முடியாதது காட்டிக்கொடுக்கும். சில பாறை முகங்களில் கட்டம் கட்டமாக ஆழக் கோடு வெட்டியிருப்பதைக் காணலாம். சுற்றிலும் பள்ளம் வெட்டிய பின் நடுவில் நிற்கும் சதுரத்தைத் தட்டிப் பெயர்ப்பது எளிது, அதற்குத்தான். தர்மராஜ ரதத்தின் மேல் நிலைகள் முடிந்து கீழ்த்தளம் அரைகுறையாக நிற்கும், மேலிருந்து செதுக்கி இறங்கியதற்குச் சாட்சியாக. சில்லு கீழேதான் விழும் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

கல்தூசியை வாய்த்துணி தடுக்காது. கருங்கல்லின் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. என்-95 முகக்கவசம், கண்ணாடி, முடிந்தபோதெல்லாம் தண்ணீர் தெளித்துச் செதுக்குவது. இதில் வீரம் காட்டும் சீனியர்களைப் பின்பற்ற வேண்டாம்.

உலோகம்

இது கொஞ்சம் பிற்பாடு. எப்படி என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசுவார்கள், மெழுகில் இருக்கும் நகக்கீறல்கூட அந்த முதல் பூச்சில் பதியும். மேலே கனமான மண், கம்பிக்கட்டு. வறட்டி நெருப்பில் மெழுகு உருகி வெளியேற, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். அச்சை உடைத்தால் சிலை. ஒரு கிலோ மெழுகுக்கு உலோகம் எவ்வளவு என்று கேட்டால் ஏறக்குறைய ஒன்பது கிலோ; மெழுகு தண்ணீரைவிடச் சற்றே லேசு, செம்புக் கலவை அதைப்போல எட்டு ஒன்பது மடங்கு கனம், அவ்வளவுதான் கணக்கு. அங்கே பெரும்பாலும் உள்ளே பொள்ளல் இல்லாமல் கனமாகவே வார்ப்பதால் மெழுகை எடைபோட்டாலே உலோகம் தெரிந்துவிடும்.

முதல் மூன்று நாலு தலைகளைச் சுடவும் வேண்டாம், அச்சு எடுக்கவும் வேண்டாம். எட்டுப் பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, கம்பியிலிருந்து மண்ணைப் பிரித்து வெயிலில் போடுங்கள். எலும்பாகக் காய்ந்த பிறகு சுத்தியால் உடைத்து வாளித் தண்ணீரில் போட்டால் தானே பொலபொலவென்று கரையும். அவசரப்பட்டு ஈரமாகவே போட்டால் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும்.